முட்டி மோதாமல் சந்து தேடுங்கள்: வீடியோ கேமில் புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 2011-க்குப் பிறகு அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்தவர்களிடம் ஒரு பொதுவான மனக்குறை உண்டு. இலவச லேப்டாப் கைக்கு வந்த கையோடு யாராவது ஒருவர் பென் டிரைவில் 'ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி'யைக் கொண்டுவந்து ஏற்றிக் கொடுத்திருப்பார். கார் ஓட்டுவது, ஊர் சுற்றுவது எல்லாம் நன்றாகத்தான் போகும். பிறகு அந்தப் பொம்மை ஹெலிகாப்டர் மிஷன் வரும். பாதி கட்டிய கட்டடத்துக்குள் ரிமோட் ஹெலிகாப்டரை ஓட்டி நான்கு குண்டுகளை நான்கு இடங்களில் வைக்க வேண்டும். திரையின் மூலையில் கடிகாரம் குறைந்துகொண்டே வரும். எத்தனையோ பேர் அந்த இடத்தோடு ஆட்டத்தையே மூட்டை கட்டிவிட்டார்கள்.

இத்தனைக்கும் ஹெலிகாப்டர் கிளம்பியவுடன் அந்தக் கடிகாரம் ஓடுவதில்லை. முதல் குண்டைத் தூக்கிய பிறகுதான் ஓடத் தொடங்குகிறது. அதற்கு முன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கட்டடத்துக்குள் சுற்றலாம். மாடிப்படி எங்கே இருக்கிறது, எந்தத் தளத்தில் எந்த மூலையில் குண்டு வைக்க வேண்டும் என்று பார்த்து வைத்துக்கொள்ளலாம். துரத்துகிற தொழிலாளிகளையும் காவலாளிகளையும் ஹெலிகாப்டரின் விசிறியாலேயே ஒவ்வொருவராகச் சாய்த்துவிடலாம். ஆள் இல்லாத கட்டடத்தில் அதற்குப் பிறகு குண்டைத் தூக்கினால், மிஞ்சுவது ஏறி இறங்குகிற வேலை மட்டும்தான். ஒரே ஒரு தொல்லை: ஹெலிகாப்டரைச் சாய்க்கும் விசைகள் கீபோர்டின் வலது ஓர எண் பகுதியில் இருக்கும். சிறிய லேப்டாப்களில் அந்தப் பகுதியே கிடையாது. கிளம்புவதற்கு முன் அமைப்புகளுக்குள் போய் வேறு விசைகளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பாலக்கோட்டில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தபோது, "இது ஏமாற்று வேலை இல்லையா அண்ணா?" என்று கேட்டான். எதை ஏமாற்றினோம்? ஆட்டத்தின் ஒரு வரியைக்கூட நாம் மாற்றவில்லை. கடிகாரத்தைப் பார்த்ததும் அவசரப்பட வேண்டும் என்று நாமாகவே முடிவு செய்துகொண்டோம். ஆட்டம் அப்படிக் கேட்கவே இல்லை. திரையில் எழுதியிருப்பது ஒன்றாகவும், உள்ளே சரிபார்க்கப்படுவது வேறொன்றாகவும் இருக்கும். அந்த இடைவெளிதான் நாம் தேடும் சந்து. அதைக் கண்டுபிடிப்பதற்குப் பழக்கம் வேண்டும். அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பது

ஒருவரே தனியாக ஆடுகிற, சேவ் செய்ய வசதியுள்ள, கொஞ்சம் பழைய ஆட்டமாக எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆட்டம் நம் லேப்டாப்பில் திணறாமல் ஓடும். இணையம் கேட்காது. அடிக்கடி புதுப்பிப்பு வந்து நீங்கள் கண்டுபிடித்த சந்தை அடைத்துவிட்டுப் போகாது. நண்பர்களோடு ஆன்லைனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களில் இந்தப் பயிற்சியைத் தொடங்காதீர்கள். ஏன் என்று பின்னால் வருகிறது.

ஒரு சவாலில் மூன்று நான்கு முறையாவது நேர்வழியில் தோற்றுவிட்டு வாருங்கள். தோற்காதவருக்குச் சுவர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. சந்து அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது: திரையில் இருப்பதை நோட்டில் எழுதுவது

சிரிப்பாகத் தோன்றலாம். ஆனால் பாதிச் சந்துகள் இந்த இடத்திலேயே கிடைத்துவிடும். மிஷன் தொடங்கும்போது வரும் அறிவிப்பை வார்த்தை மாறாமல் எழுதுங்கள். பக்கத்தில், எது நடந்தால் வெற்றி, எது நடந்தால் தோல்வி என்று நீங்கள் நினைப்பதை எழுதுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால், நீங்களாகச் சேர்த்துக்கொண்ட நிபந்தனைகள் பல்லை இளிக்கும். 'எதிரியைக் கொல்' என்று எங்கும் எழுதியிருக்காது. 'அந்தப் பக்கம் போய்ச் சேர்' என்று மட்டும் இருக்கும்.

திண்ணையில் கோடு கிழித்து ஆடுகிற ஆடு புலி ஆட்டத்தில் இது நமக்கு ஏற்கெனவே தெரியும். மூன்று புலி, பதினைந்து ஆடு. புதிதாக ஆடுகிறவர் ஆடுகளைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருந்து தோற்பார். ஆடு சாகக் கூடாது என்பது விதியே இல்லை. புலிக்கு நகர இடம் இல்லாமல் செய்ய வேண்டும் என்பதுதான் விதி. விவரம் தெரிந்தவர் இரண்டு ஆட்டை வேண்டுமென்றே முன்னால் தள்ளிவிட்டுப் புலியை மூலைக்கு இழுப்பார்.

மூன்றாவது: கேள்வி கேட்பது

இதுதான் வேலையின் பெரும்பகுதி. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கீழ்க்கண்ட கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

கடிகாரம் எப்போது தொடங்குகிறது? ஹெலிகாப்டர் கதையிலேயே பார்த்துவிட்டோம். இதற்கு ஒட்டிய இன்னொரு கேள்வி: அது யாருடைய கடிகாரம்? போன் ஆட்டங்கள் சில நேரத்தைப் போனிடமே கேட்டுத் தெரிந்துகொள்கின்றன. 'கேண்டி கிரஷ்' ஆட்டத்தில் ஐந்து உயிரும் தீர்ந்தால் ஒரு உயிருக்கு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கிருஷ்ணகிரியில் என் அத்தை போனின் தேதியை ஒரு நாள் முன்னால் தள்ளிவைத்து உயிர்களை வாங்கிக்கொண்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தேதி தவறாக இருக்கிறது என்று வாட்ஸ்அப் திறக்க மறுத்த பிறகுதான் வீட்டில் மற்றவர்களுக்கு விஷயமே தெரிந்தது. இதே உத்தியை 2004-இல் வந்த 'மெட்டல் கியர் சாலிட் 3' தயாரிப்பாளர்கள் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார்கள். அதில் ஒரு கிழட்டுத் துப்பாக்கி வீரன் வருவான். காட்டுக்குள் ஒளிந்துகொண்டு மணிக்கணக்கில் அலையவிடுவான். சண்டையின் நடுவே சேவ் செய்துவிட்டு ஒரு வாரம் கழித்து வந்தால், அல்லது கருவியின் கடிகாரத்தை ஒரு வாரம் தள்ளிவைத்தால், ஆள் முதுமையால் செத்துக் கிடப்பான்.

ஒன்றுமே செய்யாவிட்டால் என்ன ஆகும்? இதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. 2014-இல் வந்த 'ஃபார் கிரை 4' தொடக்கத்தில் வில்லன் உங்களைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்துவிட்டு, இதோ வருகிறேன் என்று வெளியே போவான். எல்லோரும் தப்பித்து ஓடுவார்கள். ஆட்டமும் அப்படியே பல மணி நேரம் நீளும். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கால் மணி நேரம் போல அங்கேயே உட்கார்ந்திருந்தால் அவன் திரும்பி வருகிறான்; நீங்கள் வந்த வேலையை முடித்துக் கொடுக்கிறான்; ஆட்டம் முடிந்துவிடுகிறது. விருந்தாளியை உட்காரச் சொன்னால் உட்காருவதுதானே நம் ஊர் வழக்கம்!

யார் எதைப் பார்க்கிறார்கள்? 2011-இல் வந்த 'ஸ்கைரிம்' ஆட்டத்தில் கடைக்காரர் பார்வையில் பட்டால்தான் திருட்டு. பார்வையை மறைத்தால்? வாளியையோ கூடையையோ எடுத்துக் கடைக்காரரின் தலையில் கவிழ்த்தார்கள் ஆட்டக்காரர்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல் வாளியோடு நின்றார். கடையே காலியானது. பொருளைத் தொட்டால் குற்றம். தலையில் வாளி கவிழ்த்தால் குற்றம் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை.

எதிரிக்கும் அந்த விதி பொருந்துமா? 1994-இல் வந்த 'ஃபைனல் ஃபேண்டஸி 6' ஆட்டத்தில் பேய் ரயில் ஒன்றோடு சண்டை போட வேண்டும். செத்த தோழனை எழுப்பும் மருந்து கையில் இருக்கும். பேய்க்கு அதைக் கொடுத்தால் விளைவு தலைகீழாகிறது. ஒரே மருந்தில் ரயில் காலி. போகிமானில் இதைவிடக் குறும்பான ஒன்று உண்டு. முதல் லெவலில் இருக்கும் 'ரட்டாட்டா' என்ற சுண்டெலியை வைத்து நூறாவது லெவல் அசுரனை வீழ்த்துவது. எலியிடம் ஒரு கச்சை இருக்கும். முழு உயிரோடு இருக்கும்போது ஒரே அடியில் சாகவிடாமல், ஒரு புள்ளி உயிரை அது மிச்சம் வைக்கும். அசுரன் அடிக்கிறான், எலிக்கு ஒரு புள்ளி மிச்சம். எலி உடனே எதிரியின் உயிரைத் தன் உயிரின் அளவுக்கே இறக்கிவிடும் வித்தையைப் பயன்படுத்துகிறது. அசுரனுக்கும் இப்போது ஒரு புள்ளிதான். அடுத்த சுற்றில், வேகம் எப்படி இருந்தாலும் முந்திக்கொள்கிற ஓர் அடி. முடிந்தது. தனித்தனியாக எடுத்தால் மூன்றும் சாதாரண விதிகள். சேர்த்து வைத்துப் பார்த்தவர்தான் கெட்டிக்காரர்.

எந்தத் திசையில் வரம்பு போட மறந்திருக்கிறார்கள்? இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். 1996-இல் நிண்டெண்டோ 64 கருவியோடு 'சூப்பர் மரியோ 64' வந்தது. அந்தக் கருவியை நம் பக்கத்தில் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு, டி.வி.யில் செருகி ஆடிய மஞ்சள் கேசட் மரியோவோடு நாம் நின்றுவிட்டோம். இந்த ஆட்டத்தின் கடைசி வில்லனிடம் போகும் வழியில் ஒரு மாடிப்படி இருக்கிறது. 70 நட்சத்திரம் சேர்க்காமல் ஏறினால் அந்தப் படி முடியவே முடியாது. ஏற ஏறத் தொடக்கத்துக்கே திரும்பத் தள்ளிவிடும். மரியோ நீளத் தாவும்போது அவன் வேகம் ஒன்றரை மடங்காகும். முன்னோக்கிப் போகும்போது அந்த வேகத்துக்கு உச்சவரம்பு வைத்திருந்தார்கள். பின்னோக்கிப் போகும் வேகத்துக்கு வரம்பு வைக்கவில்லை. பின்னால் நீளத் தாவ யார் நினைப்பார்கள்? ஆட்டக்காரர்கள் நினைத்தார்கள். படிக்கட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னோக்கித் தாவித் தாவி ஒன்றரை மடங்கை ஒன்றரை மடங்காகப் பெருக்கிக்கொண்டே போனார்கள். ஆட்டம் 'இவன் இங்கே இருக்கிறானா?' என்று பார்ப்பதற்குள் மரியோ மேலே போய்ச் சேர்ந்துவிட்டான். 70 நட்சத்திரம் கேட்ட ஆட்டத்தை 16-இல் முடித்தார்கள், பிறகு ஒன்றில், கடைசியில் ஒரு நட்சத்திரம்கூட எடுக்காமல்.

தண்டனையையே கருவியாக்க முடியுமா? 1996-இன் 'குவேக்' ஆட்டத்தில் காலடியில் ராக்கெட்டை வெடித்தால் உயிர் குறையும். ஆனால் அந்த வெடிப்பு உங்களை மேலே தூக்கி எறியும். ஏற முடியாத இடத்துக்கு ஏற அதுவே வழியானது. 'மைன்கிராஃப்ட்' ஆட்டத்தில் நெதர், எண்ட் ஆகிய உலகங்களில் கட்டிலில் படுத்தால் கட்டில் வெடிக்கும். தூங்கக் கூடாது என்பதற்காக வைத்தது. வேகமாக முடிப்பவர்கள் அந்தக் கட்டில்களைத்தான் பெரிய டிராகனைக் கொல்லும் குண்டாக வைத்திருக்கிறார்கள்.

கையில் இருக்கும் பொருளுக்கு வேறு பக்கம் உண்டா? 2017-இன் 'செல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட்' ஆட்டத்தில் ஒரு கோயில் புதிர். கையிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியைச் சாய்த்துச் சாய்த்துப் பந்தை ஒரு வளைவுப் பாதையில் உருட்ட வேண்டும். பாதி உலகம் எரிச்சலில் பல்லைக் கடித்தது. மீதிப் பேர் கருவியைத் தலைகீழாகத் திருப்பினார்கள். பலகையின் அடிப்பக்கத்தில் தடுப்புகளே இல்லை, வெறும் தட்டை. பந்தை அதில் ஏந்தி அப்பால் வீசிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

நான்காவது: சோதிப்பது

ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் விழிப்பீர்கள். மிஷனுக்கு முன்னால் தனி இடத்தில் சேவ் செய்யுங்கள். வைஸ் சிட்டியில் எட்டு சேவ் இடங்கள் உண்டு. ஒன்றையே திரும்பத் திரும்ப அழித்து எழுதாதீர்கள். சேவ் கோப்புகள் டாக்குமெண்ட்ஸ் பகுதிக்குள் தனி ஃபோல்டராக இருக்கும். அதை அப்படியே பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். பேட்டரி செத்துப்போன பழைய லேப்டாப்பில் சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று பென்னாகரம் பக்கத்து மழைக்காலத்தில் ஆடியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் போகாமலேயே சேவைத் தின்றுவிடும் ஆட்டங்களும் உண்டு: வைஸ் சிட்டியின் முதல் கணினிப் பதிப்பில் ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் சேவ் செய்தால் கோப்பு கெட்டுப்போகும். அந்த இடத்தில் மட்டும் வேண்டாம்.

போனை லேப்டாப்புக்கு எதிரே புத்தகத்தின் மேல் சாய்த்து வைத்து வீடியோ எடுத்துவிடுங்கள். தற்செயலாகச் சுவருக்குள் புகுந்துவிட்டீர்கள் என்றால், எந்த மூலையில், எந்தக் கோணத்தில், எந்த விசையை அழுத்தியபோது என்று பிறகு நினைவுக்கு வராது. திரும்பச் செய்ய முடியாத சந்து சந்தே அல்ல. அது வெறும் அதிர்ஷ்டம்.

ஐந்தாவது: பதிப்பைப் பார்ப்பது

யூடியூபில் ஒருவர் செய்து காட்டுகிறார், உங்களுக்கு வரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் கையை அல்ல. மரியோவின் பின்தாவலை 1997-இல் ஜப்பானில் வெளியிட்ட திருத்தப் பதிப்பில் அடைத்துவிட்டார்கள். 2020-இல் ஸ்விட்ச் கருவிக்கு வந்த தொகுப்பு அந்தத் திருத்தப் பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. அதில் எத்தனை நாள் தாவினாலும் மாடிப்படி முடியாது. போனில் வரும் பழைய ஆட்டங்களும் இப்படித்தான். பெயர் அதுவே, உள்ளே வேறு.

எல்லாத் தயாரிப்பாளர்களும் சந்தைப் பார்த்தவுடன் சிமென்ட் பூசுவதில்லை. 1978-இன் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தில் எதிரிகள் குறையக் குறைய மீதமிருப்பவர்கள் வேகமாக வருவார்கள். எண்ணிக்கை குறைந்ததும் கருவிக்குச் சுமை குறைந்ததால் நேர்ந்தது அது. நன்றாக இருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டார்கள். 1991-இன் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'-இல் அடி மேல் அடியாகத் தொடுக்கும் 'காம்போ'வும் திட்டமிட்டு வைத்ததல்ல. இன்று காம்போ இல்லாத சண்டை ஆட்டம் எங்கே இருக்கிறது?

எங்கே கை வைக்கக் கூடாது

மஞ்சள் கேசட்டில் 'கான்ட்ரா' ஆடியவர்களுக்கு 30 உயிர் தரும் விசை வரிசை மனப்பாடம்: மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ. அது சந்து அல்ல, தயாரிப்பாளரே வைத்துவிட்டுப் போன சாவி. 1986-இல் 'கிரேடியஸ்' ஆட்டத்தைச் சோதிக்கும்போது கடினமாக இருக்கிறது என்று கசுஹிசா ஹஷிமோட்டோ என்ற தயாரிப்பாளர் தனக்காக வைத்துக்கொண்டது. பயன்படுத்துவதில் குற்றமில்லை, பெருமைப்படவும் ஒன்றுமில்லை.

'மாட் ஏ.பி.கே.' என்று டெலிகிராமில் சுற்றும் கோப்புகள் வேறு ரகம். அளவில்லாத காசு தருகிறேன் என்று ஆட்டத்தையே பிரித்து மாற்றிக் கட்டியவை. உள்ளே வேறு என்ன வைத்துக் கட்டினார்கள் என்று தெரியாது. வீட்டில் எல்லோரும் வங்கிக்கும் அதே போனைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்றால் தொடவே தொடாதீர்கள்.

ஆன்லைனில் பிறரோடு ஆடும்போது நிலைமை மாறிவிடுகிறது. சுவருக்குள் புகுந்து நின்று சுடுவது உங்களுக்குச் சந்து. எதிரே ஆடுபவருக்கு அநியாயம். பி.ஜி.எம்.ஐ., ஃப்ரீ ஃபயர் போன்றவற்றில் பிழையைப் பயன்படுத்தினால் கணக்கை முடக்கிவிடுவார்கள். காசு போட்டு வாங்கிய உடைகளும் அதோடு போகும். வால்வ் நிறுவனம் 2009-இல் இதைக் கொஞ்சம் குறும்பாகச் செய்தது. 'டீம் ஃபோர்ட்ரஸ் 2'-இல் ஆடாமலே ஆடுவதுபோல் காட்டும் மென்பொருளை வைத்துத் தொப்பி சேர்த்தவர்களின் தொப்பிகளைப் பறித்துவிட்டு, நேர்மையாக இருந்த மற்றவர்களுக்குத் தலைக்கு மேல் ஒளிவட்டம் மாட்டிவிட்டது. யார் என்ன செய்தார்கள் என்று தலையைப் பார்த்தே தெரிந்துவிட்டது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025-ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது; அந்தப் பக்கம் சந்து காட்டுகிறேன் என்று யார் வந்தாலும் உங்கள் பையைத்தான் பார்க்கிறார்கள்.

கடைசிக் கட்டம்: உங்கள் சவாலை நீங்களே வைப்பது

தெரிந்த ஆட்டம் சலித்துவிட்டால் கையை நீங்களே கட்டிக்கொள்ளலாம். போகிமான் ஆடுபவர்கள் 'நஸ்லாக்' என்று ஒரு விதி வைத்துக்கொள்கிறார்கள்: ஒவ்வொரு பகுதியிலும் முதலில் எதிர்ப்படுவதை மட்டுமே பிடிக்க வேண்டும்; மயங்கி விழுந்தது செத்ததாகக் கணக்கு. அதே ஆட்டம், ஆனால் ஒவ்வொரு சண்டைக்கும் வயிறு கலங்கும்.

இதன் உச்சம் மறுபடியும் மரியோ 64 தான். தாவுவதற்கான 'ஏ' பொத்தானை முடிந்தவரை அழுத்தாமலே ஆட்டத்தை முடிப்பது என்று ஒரு கூட்டம் பல வருடங்களாக உழைக்கிறது. ஒரு நட்சத்திரத்தை 'அரை அழுத்தத்தில்' எடுப்பது எப்படி என்று 2016-இல் வந்த விளக்க வீடியோ உலகப் புகழ் பெற்றது. அரை என்றால்? பொத்தானை அழுத்துவது, பிடித்திருப்பது, விடுவது என்று ஒரு அழுத்தத்துக்கு மூன்று பாகம். வேறு எங்கோ ஏற்கெனவே அழுத்திய பொத்தானை விடாமல் பிடித்துக்கொண்டே இந்த இடத்துக்குள் நுழைந்தால், இங்கே புதிதாக அழுத்தியதாகக் கணக்கு ஏறாது. அந்த நட்சத்திரத்துக்காக மரியோவை ஒரே இடத்தில் 12 மணி நேரம் வேகம் சேர்க்கவிடுகிறார்கள். வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று சிரிக்கலாம். நானும் சிரித்துவிட்டு, வீடியோவைக் கடைசிவரை பார்த்தேன்.

நீங்கள் தொடங்கும்போது சின்னதாக வையுங்கள்: ஒரு மிஷன் முழுக்கத் துப்பாக்கி எடுக்கக் கூடாது, ஒரு லெவலில் காசு தொடக் கூடாது, இந்த மாதிரி. ஆடத் தொடங்கும் முன் விதிகளை ஒரு தாளில் எழுதி நண்பரிடம் கொடுத்துவிடுங்கள். பொத்தானைப் பிடித்திருப்பது கணக்கில் வருமா, தற்செயலாகத் தொட்டால் என்ன, சேவிலிருந்து திரும்பத் தொடங்கலாமா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஆட்டம் நடக்கும்போது அந்தத் தாளைத் திருத்தக் கூடாது. நீங்கள் எழுதிய விதியிலேயே உங்கள் நண்பர் ஒரு சந்து கண்டுபிடித்தால் அந்தச் சுற்று அவருக்குத்தான். தாளை அடுத்த சுற்றுக்குத் திருத்திக்கொள்ளுங்கள்.